அரசிடம் ‘கூடாது’ என்று சொல்ல ஒருவர்

1981 ஜூலை 23. மும்பை மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் ஓரத்தில், பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கொண்டு கட்டியிருந்த ஒரு குடிசையை மாநகராட்சி ஊழியர்கள் பிரித்துப்போட்டார்கள். அதில் குடியிருந்தவர் சேலத்துக்காரர். ஊரில் சொந்த நிலமில்லாத கூலித் தொழிலாளி. வறட்சியில் வேலை போய், 1961-ல் பம்பாய்க்கு வந்தவர். தகிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் சம்பளம். அந்த நடைபாதைத் துண்டில் ஒண்டிக்கொள்வதற்கே ஒரு தாதா அவரிடம் 2,500 ரூபாய் பிடுங்கியிருந்தான். அவரையும் மனைவியையும் மூன்று மகள்களையும் பேருந்தில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பிவைத்தார்கள். மனைவியும் பிள்ளைகளும் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அவர் வேலை தேடித் திரும்பி வந்து, மறுபடியும் ஒரு நடைபாதையிலேயே குடியேறினார்.

இது கதையல்ல. 1985 ஜூலை 10-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அளித்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பில் பதிவாகியிருக்கும் செய்தி. அந்த வழக்கில் நீதிமன்றப் படியேறிய இன்னும் சிலர், அதே நெடுஞ்சாலையோரம் 500-க்கும் மேற்பட்ட குடிசைகளோடு இருந்த ‘காமராஜ் நகர்’ என்ற குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். அங்கே குடியிருந்தவர்கள் யார் என்பதைப் பெயரே சொல்லிவிடும். பிழைப்புரிமையும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று இந்திய நீதித்துறை முதன்முறையாக விரிவாகச் சொன்ன தீர்ப்பு அது. அதன் அடித்தளத்தில் மும்பைத் தமிழ்க் கூலிகளின் கண்ணீர் இருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தந்ததில்லை.

இங்கே என் கேள்வி வேறு. நடைபாதைவாசிகள் அனைவரையும் வெளியேற்றி அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பப்போவதாக 1981 ஜூலை 13-ல் முதல்வர் ஏ.ஆர். அந்துலே அறிவித்தார். அறிவிப்பு வந்த பத்தாம் நாள் அந்தப் பேருந்து புறப்பட்டது. நாட்டின் எந்தப் பகுதியிலும் நடமாடவும் குடியிருக்கவும் குடிமகனுக்கு உரிமை தரும் அரசமைப்புச் சட்டம் இருக்கும்போது, ஒரு மாநில அரசு தன் எல்லைக்குள் இருக்கும் ஏழையைப் பிடித்து இன்னொரு மாநிலத்துக்கு ஏற்றி அனுப்ப முடியுமா? இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்லக்கூடிய ஒரு பதவி அரசுக்குள்ளேயே இருக்கிறது. அட்வகேட் ஜெனரல் என்கிற அரசுத் தலைமை வழக்கறிஞர். தாராவியில் எம்.எல்.ஏ. யார், கார்ப்பரேட்டர் யார், வார்டு அதிகாரி யார் என்று கேட்டால் சிறுபிள்ளையும் சொல்லும். இப்படி ஒரு பதவி இருப்பது அங்கே பலருக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் வீட்டைப் பற்றி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தால், எதிர்த்தரப்பில் எழுந்து நிற்பது அந்தப் பதவியின் குரல்தான்.

அரசமைப்புச் சட்டத்தின் 165-வது பிரிவு இந்தப் பதவியை உருவாக்குகிறது. உயர் நீதிமன்ற நீதிபதியாவதற்குத் தகுதி உள்ள ஒருவரை ஆளுநர் நியமிக்கிறார். சட்ட விஷயங்களில் அரசுக்கு ஆலோசனை சொல்வது முதல் கடமை. வழக்கு நடத்துவதெல்லாம் அதற்குப் பிறகுதான். 177-வது பிரிவின்படி சட்டப்பேரவையிலும் மேலவையிலும் அவர் பேசலாம், வாக்களிக்க மட்டும் முடியாது. தனி மனிதர் ஒருவர் குற்றவியல் நீதிமன்ற அவமதிப்பு வழக்குத் தொடுக்க வேண்டுமானால், 1971-ம் ஆண்டுச் சட்டப்படி இவருடைய எழுத்துப்பூர்வ இசைவு வேண்டும். மாநில பார் கவுன்சிலில் பதவி வழியில் உறுப்பினர். இத்தனை இருந்தும், ஆளுநர் விரும்பும் வரைதான் பதவி. நடைமுறையில் மந்திரிசபை விரும்பும் வரை.

ஆக, நாளைக்கே வீட்டுக்கு அனுப்பக்கூடிய எசமானனிடம் ‘இது சட்டப்படி செல்லாது, செய்யாதீர்கள்’ என்று சொல்லும் வேலை இது. அதைச் செய்வதற்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்பதற்கு இந்த ஊரிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. அவர் பெயர் ஹோர்மஸ்ஜி மானெக்ஜி சீர்வை. சட்டக் கல்லூரியில் படித்தவர்களுக்கு எச்.எம். சீர்வை. மற்றவர்களுக்கு அறிமுகமே இல்லாதவர்.

கங்காவின் அறையிலிருந்து

சீர்வை 1906 டிசம்பர் 5-ல் பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். எல்பின்ஸ்டன் கல்லூரியில் தத்துவம் படித்துவிட்டு அரசு சட்டக் கல்லூரிக்கு வந்தார். பிறகு சேர்ந்த இடம் சர் ஜம்ஷெட்ஜி கங்காவின் அலுவலகம். 1922 முதல் 1935 வரை பம்பாய் மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர் கங்கா. அவருடைய அறையில் தொழில் கற்று வெளியே வந்தவர்களின் வரிசையைப் பாருங்கள்: சீர்வை, நானி பால்கிவாலா, ஃபாலி நரிமன், சோலி சொராப்ஜி. சுதந்திர இந்தியாவின் அரசமைப்பு வழக்குகளில் பாதியை இந்த ஓர் அறையின் மாணவர்களே இரண்டு பக்கமும் நின்று நடத்தினார்கள் என்றால் அது பெரிய மிகையல்ல.

1957-ல் சீர்வை அட்வகேட் ஜெனரல் ஆனார். அப்போது குஜராத்தும் மகாராஷ்டிரமும் சேர்ந்த இருமொழிப் பம்பாய் மாநிலம். 1960 மே 1-ல் மாநிலம் இரண்டானது. சீர்வை மகாராஷ்டிரத்தில் தொடர்ந்தார். 1974 வரை, 17 ஆண்டுகள். முதல்வர்கள் மாறினார்கள், ஆளுநர்கள் மாறினார்கள், அவர் இருந்தார். தமிழ்நாட்டில் இதற்கு ஒப்பு சொல்லத்தக்கவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். 1929 முதல் 1944 வரை சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல். பின்னர் அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவில் அம்பேத்கரோடு அமர்ந்தவர். அல்லாடி சட்டத்தை எழுதினார், சீர்வை அந்தச் சட்டத்துக்கு உரை எழுதினார்.

உரை என்று நான் சொல்வது 1967-ல் வெளிவந்த ‘இந்திய அரசமைப்புச் சட்டம்’ என்ற அவருடைய ஆங்கில நூலை. அரசின் முதன்மை வழக்கறிஞர் நாற்காலியில் இருந்துகொண்டே அதை எழுதினார். நாளை எந்த நீதிபதி முன் அரசுக்காக வாதாட வேண்டுமோ, அதே நீதிபதியின் தீர்ப்பு ஏன் பிழை என்று பக்கம் பக்கமாக அதில் எழுதினார். இன்றைக்கு ஒருவர் இதைச் செய்தால் துணிச்சல்காரர் என்போம். அவருக்கு அது வேலையின் ஒரு பகுதியாகவே இருந்திருக்கிறது. சட்டம் இன்னது என்று ஒருவர் பொதுவெளியில் அச்சடித்து வைத்துவிட்டால், பிறகு அவரிடம் வந்து மந்திரி வேறு ஆலோசனை கேட்க முடியாது. அந்த நூலே அவருக்குக் காவல்.

தோற்ற வழக்குகளின் பட்டியல்

சாதனையாளர்களைப் பற்றி எழுதும்போது வென்ற வழக்குகளை அடுக்குவது வழக்கம். சீர்வை விஷயத்தில் நான் தோற்றவற்றையே எடுத்துக்கொள்கிறேன். அவருடைய பெயர் பேசப்பட்ட மூன்று பெரிய வழக்குகளில் அவர் நின்றது அதிகாரத்தின் பக்கம். மூன்றிலும் நீதிமன்றம் அவரை ஏற்கவில்லை.

முதலாவது, கடற்படை அதிகாரி நானாவதி வழக்கு. 1960 மார்ச் 11-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதே நாளில் ஆளுநர் ஸ்ரீபிரகாசா தண்டனையை நிறுத்திவைத்து ஆணையிட்டார். (1952-ல் சென்னை மாநில ஆளுநராக இருந்தபோது, பெரும்பான்மை இல்லாத காங்கிரஸின் ராஜாஜியை ஆட்சியமைக்க அழைத்தவரும் இதே ஸ்ரீபிரகாசாதான்.) நாடே கொதித்தது. நீதிமன்றத் தீர்ப்பின் மை காய்வதற்குள் ஆளுநர் குறுக்கே வரலாமா என்ற கேள்விக்கு அரசின் சார்பில் விடை சொல்லும் பொறுப்பு சீர்வையின் தலையில் விழுந்தது. 161-வது பிரிவு தரும் அதிகாரத்துக்கு எல்லை இல்லை என்று அவர் வாதாடினார். 1960 செப்டம்பர் 5-ல் உச்ச நீதிமன்றம், மேல்முறையீட்டு மனு தன் முன் நிலுவையில் இருக்கும் காலத்துக்கு ஆளுநரின் ஆணை செல்லாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்தது.

இரண்டாவது, தமிழ் வாசகருக்கு நெருக்கமானது. 1964-ல் உத்தரப் பிரதேசச் சட்டப்பேரவை, கேசவ் சிங் என்பவரை உரிமை மீறலுக்காகச் சிறையில் அடைத்தது. உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் அவருக்கு ஜாமீன் கொடுத்தார்கள். அந்த நீதிபதிகளையே கைதுசெய்து அவை முன் கொண்டுவரப் பேரவை தீர்மானம் போட்டது. விவகாரம் குடியரசுத் தலைவர் வழியாக உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் முன் வந்தது. பேரவைக்காக வாதாட அழைக்கப்பட்டவர் மகாராஷ்டிரத்தின் அட்வகேட் ஜெனரல் சீர்வை. நீதிபதிகளின் பக்கம் எம்.சி. செதல்வாட். தன் உரிமை மீறப்பட்டதா என்பதைப் பேரவையே தீர்மானிக்கும், அதன் கைது ஆணைக்குள் நீதிமன்றம் நுழைய முடியாது என்பது சீர்வையின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது.

அந்த வாதம் மட்டும் வென்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை 1987-ல் நாம் நேரில் பார்த்திருப்போம். ஒரு அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்துத் தமிழ்நாடு சட்டப்பேரவை சிறைக்கு அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதால் சீக்கிரமே விடுதலையானார். ஆனாலும் அவர் நீதிமன்றம் போனார், அவை செய்தது தவறு என்ற தீர்ப்பையும் பெற்றார். போவதற்கு ஒரு வாசல் திறந்திருந்தது, 1964-ல் சீர்வை தோற்றதால். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. மதிப்புக்குரிய ஒருவர் தவறான பக்கத்தில் நின்றார் என்று சொல்வது அவருக்கு அவமதிப்பாகாது. தன் நூலில் நீதிபதிகளிடம் அவர் காட்டிய அளவுகோலும் அதுதான்.

மூன்றாவது வழக்கு எல்லாவற்றிலும் பெரியது. கேசவானந்த பாரதி. காசர்கோடு எடநீர் மடத்தின் நிலங்களைக் கேரள நிலச்சீர்திருத்தச் சட்டம் தொட்டது. மடாதிபதி வழக்குப் போட்டார். நாடாளுமன்றம் அரசமைப்புச் சட்டத்தை எந்த அளவுக்குத் திருத்தலாம் என்ற கேள்வியாக அது வளர்ந்தது. 1972 அக்டோபர் 31-ல் தொடங்கி, 1973 மார்ச் 23 வரை 68 நாள் விசாரணை. 13 நீதிபதிகள். மடத்தின் பக்கம் பால்கிவாலா, கேரள அரசின் பக்கம் சீர்வை. கங்காவின் அறையிலிருந்து வந்த இரண்டு பார்சிகள் டெல்லியில் மாதக்கணக்கில் மோதினார்கள். ஒருவர் பேச்சில் மயக்குபவர், மற்றவர் ஒரு வரியை நிறுவ ஒன்பது தீர்ப்புகளைப் பிரித்துவைப்பவர்.

சீர்வையின் வாதத்துக்குப் பின்னால் ஒரு நியாயம் இருந்தது. அதை இன்று நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். நிலமில்லாதவனுக்கு நிலம் தரும் சட்டங்களைச் சொத்துரிமை என்ற கேடயத்தைக் காட்டி நீதிமன்றங்கள் தொடர்ந்து தடுத்துவந்த காலம் அது. 1967-ல் கோலக்நாத் வழக்கில், அடிப்படை உரிமைகளில் நாடாளுமன்றம் கைவைக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த அவைக்குத்தான் கடைசிச் சொல் என்று வாதாடியவர், குத்தகை உழவனின் பக்கம் நிற்பதாகவே நினைத்திருப்பார். சேலத்தில் சொந்தமாக ஒரு ஏக்கர் இருந்திருந்தால் அந்தக் கூலித் தொழிலாளி தகிசருக்கு வந்திருக்கவே மாட்டார். 1973 ஏப்ரல் 24-ல் தீர்ப்பு வந்தது. ஏழுக்கு ஆறு. நிலச்சீர்திருத்தம் தப்பியது. ஆனால் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் சிதைக்க முடியாது என்ற கோட்பாடும் அன்று பிறந்தது. சீர்வை அந்தக் கோட்பாட்டை ஏற்கவில்லை.

தீர்ப்புக்கு மறுநாளே மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதியாக்கப்படும் செய்தி வந்தது. வரப்போவது என்ன என்பதற்கு அது முன்னறிவிப்பு.

மாற்றிக்கொண்ட கருத்து

1975 ஜூன் 25. நெருக்கடிநிலை. சீர்வை பதவியை விட்டு ஓராண்டு ஆகியிருந்தது. பிரதமரின் தேர்தல் வழக்கை நீதிமன்றத்தின் கைக்கு எட்டாமல் செய்ய அரசமைப்புச் சட்டத்தையே திருத்தினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தின் முக்கியமான பகுதியைச் செல்லாது என்றது. எந்தக் கோட்பாட்டைக் கொண்டு? சீர்வை எதிர்த்து வாதாடிய அதே அடிப்படைக் கட்டமைப்பைக் கொண்டு. அடுத்த ஆண்டு ஏப்ரல் 28-ல் ஜபல்பூர் வழக்கு. காரணமில்லாமல் கைதானவர் ஆட்கொணர்வு மனுப் போடலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தும், நெருக்கடிநிலை முடியும்வரை அந்த உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மறுத்து எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவரே.

சீர்வை கொதித்துப்போனார். 1978-ல் அந்தத் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தனி நூல் எழுதினார். ஒவ்வொரு நீதிபதியின் தர்க்கத்தையும் வரிவரியாகப் பிரித்து, எங்கே சட்டம் தவறியது, எங்கே மனசாட்சி தவறியது என்று காட்டினார். 17 ஆண்டுகள் அரசுக்காகப் பேசிய மனிதர், அரசின் கையில் வரம்பில்லாத அதிகாரம் இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தன் கண்ணால் கண்டுவிட்டார். அதற்குப் பிறகு செய்ததுதான் என் பார்வையில் அவருடைய ஆகப்பெரிய சாதனை. கேசவானந்த பாரதி வழக்கில் பெரும்பான்மை சொன்னதே சரி என்று தன் நூலின் பிந்தைய பதிப்பில் எழுதினார். நாடாளுமன்றத்துக்கு எல்லை வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். தான் எதிர்த்து வாதாடிய வழக்கில், தனக்கு எதிராக வந்த தீர்ப்பை, தன் பெயரில் இருக்கும் நூலிலேயே சரியென்று எழுதிய வழக்கறிஞர் எத்தனை பேர் உண்டு? ஜபல்பூர் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகத் தூக்கியெறிய 2017 வரை ஆனது. சீர்வை 39 ஆண்டுகள் முன்பே எழுதிவைத்துவிட்டார்.

1981-ல் நீதிபதிகளை மாநிலம் விட்டு மாநிலம் மாற்றும் ஒன்றிய அரசின் முயற்சியை எதிர்த்துப் பம்பாய் வழக்கறிஞர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, அவர்களுக்காக 75 வயதை எட்டிக்கொண்டிருந்த சீர்வை எழுந்து நின்றார். நூலின் நான்காம் பதிப்பைத் திருத்திக்கொண்டே கடைசி ஆண்டுகளைக் கழித்து, 1996 ஜனவரியில் மறைந்தார். பத்ம விபூஷண் 1972-லேயே வந்துவிட்டது.

இந்த வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். அரசுத் தலைமை வழக்கறிஞரை அவர் வென்ற வழக்குகளை எண்ணி அளக்கக் கூடாது. அரசு கேட்க விரும்புவதை அவர் சொன்னாரா, சட்டம் சொல்வதைச் சொன்னாரா என்பதே அளவு. நீதிமன்றத்தில் அரசின் பக்கத்தை முழு வலுவோடு வைப்பது அவர் கடமை, அதில் சீர்வை குறை வைக்கவில்லை. ஆனால் எது சட்டம் என்ற கேள்வியில் அவர் யாருக்கும் கட்டுப்பட்டவராக இருக்கவில்லை, தன் பழைய வாதத்துக்குக்கூட.

நிலைக்காத நாற்காலி

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2014 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் அட்வகேட் ஜெனரலாக நியமிக்கப்பட்ட சுனில் மனோகர் ஓராண்டு நிறைவதற்குள் விலகினார். அடுத்து ஸ்ரீஹரி அணே. தனி விதர்பா, தனி மராத்வாடா என்று பேசியதால் எழுந்த புயலில் 2016 மார்ச்சில் ராஜினாமா செய்தார், ஆறு மாதங்கூட ஆகவில்லை. அடுத்து ரோஹித் தேவ், 2017-ல் நீதிபதியாகிவிட்டார். பிறகு அசுதோஷ் கும்பகோணி 2022 வரை, அவருக்குப் பின் பிரேந்திர சராஃப் வந்தார். முன்பு 17 ஆண்டுகள் ஒருவர் அமர்ந்த இடத்தில் மூன்று ஆண்டுகளுக்குள் மூன்று பேர் வந்துபோனார்கள். இவர்களுடைய திறமையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அணே பேசியது மாநிலத்தையே பிரிக்கும் விஷயம். அந்த நாற்காலியில் இருந்துகொண்டு அதைப் பேசியிருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். நான் சொல்வது, இப்படி ஆட்டம் காணும் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் ‘கூடாது’ என்ற சொல் தொண்டையிலேயே நின்றுவிடும் ஆபத்து உண்டு.

இது மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கு ஏதோ கோட்டைப் பகுதிச் சமாசாரமாகத் தோன்றலாம். தாராவிக்கு வந்து பாருங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறை அங்கே இருக்கிறது. சுமார் 600 ஏக்கர் பரப்பை மறுசீரமைக்கும் திட்டம் 2022 நவம்பரில் அதானி குழுமத்தின் 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகைக்குப் போனது. முந்தைய ஏலத்தில் 7,200 கோடி கேட்டிருந்த செக்லிங்க் நிறுவனம் தொடுத்த வழக்கை, 2024 டிசம்பர் 20-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஏலம் பற்றிய சண்டை அது. குடியிருப்பவனின் சண்டை வேறு.

2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதற்கு ஆவணம் காட்டினால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசம். 2000-க்கும் 2011-க்கும் இடையில் வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய் கட்டி. மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு வெளியே, வாடகைக்கோ தவணைக்கோ. வெளியே என்றால் எங்கே? முலுண்ட் பக்கத்து உப்பளங்கள், தேவ்னார் குப்பைமேட்டு நிலம் என்று இடங்களின் பெயர்கள் வருகின்றன. தேவ்னார் குப்பைமேடு எரிந்தால் செம்பூரே இருமும். அந்த நிலத்தில் குடும்பங்களைக் குடியேற்றலாமா என்பதும் சட்டக் கேள்விதான். தாராவியில் மாடியேறினால்தான் இடம். தகப்பன் கீழே, கல்யாணமான மகன் மேலே என்று ஏணி வைத்து வாழும் வீடுகள் எத்தனையோ. ஒரே குடும்பத்தில் பாதி உள்ளே, பாதி வெளியே என்று பிரியும். மின்கட்டண ரசீதில் முருகன், வாக்காளர் பட்டியலில் முருகேசன் என்றிருந்தால் தகுதியே கேள்விக்குறியாகும்.

இதில் இன்னொரு முடிச்சு. திட்டத்தை நடத்தும் நிறுவனத்தில் அதானி குழுமத்துக்கு 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20 விழுக்காடு. யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்று இறுதியில் முடிவுசெய்வதும் அரசின் அமைப்புதான். பங்குதாரரும் நடுவரும் ஒருவரேயாக இருக்கலாமா? 1985 தீர்ப்பு சொன்ன முன்னறிவிப்பும் விசாரணையும் தாராவியில் வீட்டுத் தகுதியை முடிவுசெய்யும் கணக்கெடுப்புக்கு எந்த அளவில் பொருந்தும்? 20 ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து, மேம்படுத்தப்பட்ட குடியிருப்புகளைப் பொதுத் தேவைக்கன்றி அகற்றுவதில்லை, அப்படி அகற்றினால் மாற்றிடம் தரப்படும் என்று அந்த வழக்கில் அரசு தந்த உறுதிமொழி இன்று எங்கே நிற்கிறது? நீதிமன்றத்தில் யாரோ வழக்குப் போட்ட பிறகு அரசின் சார்பில் விடை தேடப்பட வேண்டிய கேள்விகள் அல்ல இவை. கேட்கும் முன்பே அரசின் முதல் சட்ட அலுவலர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டியவை.

அப்படி எழுதிக் கொடுக்கும் ஆலோசனை கோப்புக்குள் போய்விடுகிறது. அரசுக்கும் அதன் வழக்கறிஞருக்கும் இடையே ரகசியம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. நடக்கும் வழக்கின் உத்தியை எதிர்த்தரப்பிடம் காட்டச் சொல்ல முடியாது. ஆனால் லட்சக்கணக்கானவர்களின் கூரையைப் பற்றிய பொதுவான சட்டநிலை வழக்கு உத்தி அல்ல. அதைச் சொல்வதற்கான இடத்தையும் அரசமைப்புச் சட்டமே காட்டியிருக்கிறது. அவையில் பேசும் உரிமையை ஒரு வழக்கறிஞருக்கு 177-வது பிரிவு ஏன் கொடுத்தது? உறுப்பினர்கள் கேட்க, அவர் எழுந்து சட்டம் இது என்று எல்லோர் காதிலும் விழச் சொல்வதற்காகத்தான். அரிதாகவே பயன்படும் அந்த உரிமையைத் தாராவிக்காகப் பயன்படுத்தினால் என்ன?

தாராவித் தொகுதியின் உறுப்பினர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர். பக்கத்திலிருக்கும் சயான் கோலிவாடாவின் உறுப்பினர் கேப்டன் ஆர். தமிழ்ச்செல்வன் ஆளும் கட்சியைச் சேர்ந்தவர், தமிழர், 2014-லிருந்து மூன்று முறை வென்றவர். இருவரும் கட்சியை ஒருபுறம் வைத்துவிட்டு, நாக்பூர் குளிர்காலக் கூட்டத்தொடரில் அட்வகேட் ஜெனரலை அவைக்கு அழைக்கும்படி கேட்க வேண்டும். இந்தப் பதவிக்குக் குறைந்தபட்சம் மூன்று ஆண்டுகள் என்று மரபாகவேனும் காலம் உறுதிசெய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். மாட்டுங்கா, செம்பூர் தமிழ்ச் சங்கங்களுக்கும் சபாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் அரங்கம் இருக்கிறது, ஓய்வுபெற்ற வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், சட்டம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைத் தாராவி 90 அடி சாலைக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு குடும்பத்தின் ரசீதையும் வாக்காளர் அட்டையையும் சரிபார்த்து, பெயர் மாறியிருந்தால் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்துக் கொடுக்கட்டும். கணக்கெடுப்பில் விடுபட்டவர்களின் மேல்முறையீட்டை எழுதிக் கொடுக்கட்டும். இறுதிப் பட்டியல் வந்த பிறகு செய்வதற்கு அதிகம் இருக்காது. இந்த மாதமே தொடங்குங்கள்.